செல்லி கையில் இருந்த மஞ்சள் துணி

1986-ம் வருடம் மே மாதம் 3-ம் தேதி சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, செல்லி என்பவரை ஆஸ்பத்திரியில் கவனிக்காமல் விட்டதாக மாதப்பன் என்பவர் கொடுத்த மனுவின் மீதான விசாரணையில், காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் முன்பாகச் சொல்ல, ஏட்டு எழுதிக்கொண்டது.

என் பெயர் அப்துல் சுபான். தகப்பனார் பெயர் அப்துல் ரசாக், காலம் சென்றவர். வயது 46. எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பதாம் வகுப்பின் வாசல் வரைக்கும் போனவன். அதியமான்கோட்டை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி ஜுபைதா. எங்களுக்கு ஒரே மகள் சுல்தானா, வயது 20. அவள் நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியில் இரண்டாம் வருடம் இருக்கிறாள். மனுவில் "பயிற்சிக்கு வந்த நர்ஸ் பெண்" என்று எழுதியிருப்பது அவளைத்தான். அவள் மேல் குற்றம் என்று ஆகிவிட்டால் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆகவே நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன்.

சம்பவம் நடந்த ஏப்ரல் 22-ம் தேதி செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரியில் எதற்காக இருந்தேன் என்று கேட்டதற்குச் சொல்வதாவது: அன்று காலை பத்து மணி வாக்கில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது மெஷின் ஊசி என் இடது ஆள்காட்டி விரலில் இறங்கி முறிந்துவிட்டது. இருபத்தாறு வருடம் மெஷின் மிதித்தவன், காலரோடு சேர்த்து என்னையும் தைத்துக்கொண்டேன். வழியில் கேட்டவர்களிடம் கதவு இடுக்கில் விரல் மாட்டிக்கொண்டது என்றுதான் சொன்னேன். உண்மை தெரிந்தால் அளவு கொடுக்க யார் கிட்டே வருவார்கள்? ஆஸ்பத்திரியில் முறிந்த ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். அதன் பிறகு சீழ் பிடிக்காமல் இருக்க இன்னொரு ஊசி போட வேண்டும் என்று சொல்லி, அதை எடுத்துக்கொண்டு வந்தது என் மகளே. நான் அந்த ஊசியைப் பார்த்தது வரைதான் ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது பெஞ்சில் படுத்திருந்தேன். என் செருப்பைக் கழற்றித் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். சுல்தானா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்கினாளா, வெட்கமா என்று எனக்குத் தெரியாது. இதையெல்லாம் விட்டுவிடும்படி ஏட்டு அவர்களைக் கேட்டுக்கொண்டேன். நேரம் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார்.

இனி மஞ்சள் துணி விவரம். போன வருடம் தீபாவளிக்கு முந்தி தொப்பூர் கணவாயில் ஒரு பஸ் கவிழ்ந்து, அடிபட்டவர்களை மேற்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அலறியவர்களை எல்லாம் முதலில் பார்த்ததாகவும், அலறாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் உட்கார்ந்தபடியே இறந்துவிட்டதாகவும் என் மகள் வீட்டுக்கு வந்து சொல்லி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு டாக்டரம்மா ஒரு ஏற்பாடு செய்தார். விபத்து என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரி மணியை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். மணி கேட்டதும் நடக்க முடிந்த நோயாளிகள் கட்டிலை விட்டு ஜெபக் கூடத்துக்குப் போய்விட வேண்டும். கேட்டில் டாக்டரம்மா நின்று ஒவ்வொருவரையும் பார்த்து நிறம் சொல்லுவார். உடனே வைத்தியம் செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றால் மணிக்கட்டில் சிவப்புத் துணி, உள்ளே எடுத்துப் போக வேண்டும். காத்திருக்கலாம் என்றால் நீலம், கிழக்கு வராந்தாவில் படுக்க வைக்க வேண்டும். சிராய்ப்பு மட்டும் என்றால் வெள்ளை, புளிய மரத்தடியில் உட்கார வேண்டும். மேற்படி துணிகளை ஓரம் மடித்துத் தைத்துத் தரும்படி எனக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

சிவப்பும் வெள்ளையும் கடையில் இருந்தன. நீலம் இல்லை. ஆனால் மஞ்சள் துணி ஒரு மூட்டை இருந்தது. வருடா வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு விரதம் இருப்பவர்கள் மஞ்சள் சட்டையும் பாவாடையும் என்னிடம்தான் தைப்பார்கள், அதில் விழுந்த வெட்டுத் துணி அது. ஆகவே நீலத்துக்குப் பதில் மஞ்சளில் தைத்துக் கொண்டுபோனேன். டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். "ஏன் சுபான், நான் நீலந்தானே சொன்னேன்?" என்று கேட்டார். "நீலம் தூரத்துல தெரியாதுங்கம்மா. மஞ்சள்னா கேட்டுலருந்தே பளிச்சுன்னு தெரியும்" என்று சொன்னேன். அவரும் அது நல்ல யோசனை என்று ஒப்புக்கொண்டார். டாக்டருக்கே யோசனை சொன்னவன் என்று நான் ஒரு மாதம் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்ததும் ஒத்திகை நடந்தது. அடிபட்டவர்களாக நடிக்க ஆள் போதாமல் என்னையும் படுக்க வைத்தார்கள். எனக்கு இடது தொடை எலும்பு முறிவு, மஞ்சள் துணி. வராந்தாவில் படுத்திருந்தபோது டீ வந்தது, நான் மறந்துபோய் எழுந்து நடந்து போய் வாங்கிக் குடித்தேன். கம்பவுண்டர் சவுரியப்பன், "பாயி, உங்க தொடை அங்கயே படுத்துருக்குதுங்க" என்றார். ஒத்திகையில் வேறு குறை எதுவும் இல்லை. அன்று யார் கையிலும் திருவிழாக் காப்பு இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்குக்கூட.

சம்பவத்தன்று பதினொன்றேகால் மணிக்கு ஒரு சிமெண்ட் லாரி ஆரன் அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குள் வந்தது. திருவிழாவுக்குத் தீர்த்தம் எடுக்க மேட்டூருக்குப் போன டெம்போ ஒன்று கணவாய் வளைவில் சாய்ந்துவிட்டது என்று டிரைவர் சொன்னார். லாரியில் ஆறு பேர் இருந்தார்கள், பின்னால் வருபவர்கள் பன்னிரண்டு பேர் என்றார். உடனே மணி அடித்தார்கள். நோயாளிகள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜெபக் கூடத்துக்குப் போனார்கள். ஒரு கிழவர் மட்டும் இது ஒத்திகைதானே, கஞ்சி குடித்துவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்திருந்தார், அவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். சுல்தானா துணிக்கட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். நானும் பெஞ்சிலிருந்து எழுந்து பின்னாலேயே போனேன். "அத்தா, நீங்க ரத்தத்தப் பாத்தா விழுந்துருவீங்க, போய் உக்காருங்க" என்றாள். "கீழ பாத்தாத்தானே ரத்தம். நான் கையத்தான பாக்கப் போறேன்" என்று சொல்லிப் பாதித் துணியை வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு டாக்டரம்மா நிறம் சொல்ல, என் மகள் அதைத் திருப்பிச் சத்தமாகச் சொல்ல, அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நின்று கட்டினோம். நான் விழவில்லை.

இரண்டாவதாக ஒரு காய்கறி வேனில் எட்டுப் பேர் ஒரே சமயத்தில் வந்தார்கள். அதில் ஒருவருக்குத் தொடையிலிருந்து ரத்தம் பீறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அவர் மேல் குனிந்து தன் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தச் சமயம் மேற்படி செல்லி என்பவர், வயது முப்பது இருக்கும், வேனிலிருந்து தானாகவே இறங்கினார். நெற்றி ஓரத்தில் புடைப்பு மட்டும் இருந்தது. வேறு காயம் இல்லை. "எனக்கு ஒண்ணுமில்லீங்க, அந்தண்ணனப் பாருங்க" என்று கையைத் தூக்கிக் காட்டினார். தூக்கிய கையில் மஞ்சள் துணி இருந்தது. சவுரியப்பன் அதைப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா பார்த்தாகிவிட்டது என்று நினைத்து, அவரைக் கைத்தாங்கலாகக் கிழக்கு வராந்தாவுக்கு அழைத்துப் போனார். நான் மறுபக்கத்தில் இருந்தேன், சுல்தானா கட்டியிருப்பாள் என்று நினைத்தேன். அவளும் நான் கட்டியதாக நினைத்திருக்கிறாள். அப்போது நேரம் பதினொன்றே முக்கால்.

அதன் பிறகு மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். பதினெட்டுப் பேரில் சிவப்பு நான்கு பேருக்குக் கட்டினோம். அந்த நான்கு பேரையும் எடுத்துப் போவதற்குள் உள்ளே கட்டில் காலியாக, பாட்டில் தொங்க, எல்லாம் தயாராக இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ரத்தம் பீறிய ஆள் இப்போது தாங்குகட்டையோடு நடக்கிறார். இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டேகால் மணிக்கு டாக்டரம்மா உள்ளிருந்து சொல்லி அனுப்பினார். வராந்தாவில் இருப்பவர்களின் பெயரை அவரவர் கைத்துணியிலேயே எழுதச் சொன்னார். என் சட்டைப் பையில் அளவு குறிக்கும் பென்சில் எப்போதும் இருக்கும், ஆகவே நான் போனேன். வரிசையாக எழுதிக்கொண்டு வந்து பன்னிரண்டரை மணி வாக்கில் ஏழாவதாகச் செல்லியிடம் வந்தேன். அவர் சுவர் ஓரம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய தங்கை சின்னக்கா என்பவர், முழங்கைச் சிராய்ப்போடு, மரத்தடிக்குப் போகாமல் அக்காவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார். "எழுப்பாதீங்க பாய். கோழி கூவறதுக்கு முன்ன எந்திரிச்சவ, அசந்து தூங்கறா" என்றார். குறட்டைச் சத்தம் கேட்டது. எழுப்பாமலே பெயர் எழுதலாம் என்று துணியைப் புரட்டினேன்.

அதில் ஓரம் மடித்திருக்கவில்லை. நான் எத்தனை அவசரத்தில் தைத்தாலும் ஓரம் மடிக்காமல் விடமாட்டேன். அது மஞ்சள் நீரில் நனைத்த கிழிசல் துணி. நடுவில் ஒரு மஞ்சள் துண்டும் வேப்பிலையும் வைத்து முடிந்திருந்தது. நான் முடிச்சில் கை வைத்ததும் சின்னக்கா, "அதத் தொடாதீங்க. தீர்த்தக் கொடம் எடுக்கறவங்களுக்குக் கட்டுன காப்பு. எங்க மாமன் கோயில்ல வெச்சு அவரு கையாலயே இவளுக்குக் கட்டுனாருங்க. நோம்பி முடியாம அவுக்கக் கூடாது" என்றார். மாமன் என்று அவர் சொன்னது செல்லியின் புருஷனும் மனுதாரருமான மாதப்பனை.

நான் உடனே சுல்தானாவிடம் போனேன். சத்தம் போடவில்லை.

"சுல்தானா, சொவத்தோரம் இருக்கற அம்மாவுக்கு நீயா கட்டுன?"

"இல்லத்தா. நீங்கதானே கட்டுனீங்க?"

"அது என் தையலே இல்ல."

அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நடக்கவில்லை, ஓடினாள். செல்லியின் பெயரைச் சொல்லித் தோளைத் தட்டினாள், நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தினாள், எழவில்லை. இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு கண்மணி சிறியதாகவும் ஒன்று பெரியதாகவும் இருந்ததை எனக்கும் காட்டினாள், எதற்குக் காட்டினாள் என்று தெரியவில்லை, பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்பதால் இருக்கலாம். பிறகு டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, தலைக்குள் ரத்தம் கட்டுகிறது, சேலத்தில்தான் ஆபரேஷன் செய்ய முடியும் என்று சொல்லி டிரங்க் கால் போடச் சொன்னார். "சிவப்பு" என்றார். நான் செல்லியின் கையில் காப்பை அவிழ்க்காமல் அதன் பக்கத்திலேயே சிவப்புத் துணியைக் கட்டினேன். மணிக்கட்டு சில்லென்று இருந்தது. ஆக, அவர் கவனிப்பில்லாமல் வராந்தாவில் இருந்தது முக்கால் மணி நேரம். மனுவில் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருப்பது சரியல்ல.

அதன் பிறகு ஆஸ்பத்திரி ஜீப்பின் பின் சீட்டை மடக்கிச் செல்லியைப் படுக்க வைத்தார்கள். சுல்தானா தலைமாட்டில் உட்கார்ந்து தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடிக்காவிட்டால் நாக்கு உள்ளே விழுந்து மூச்சு நின்றுவிடும் என்றாள். தூக்கி இறக்க ஆள் வேண்டும் என்று என்னையும் சின்னக்காவையும் ஏறச் சொன்னார்கள். கணவாயில் சாய்ந்த டெம்போவை இன்னும் எடுக்கவில்லை. லாரிகள் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றன. நான் இறங்கி, பையில் மீதி இருந்த சிவப்புத் துணிகளைச் சேர்த்துப் பிடித்து ஆட்டிக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் ஓடினேன். ஒரு டிரைவர் கீழே எட்டிப் பார்த்து, "என்ன பாய், எந்தக் கட்சி ஊர்வலம்?" என்றார். "உசுருக் கட்சிங்க, கொஞ்சம் ஒதுங்குங்க" என்றேன். அவரே இறங்கி முன்னால் நின்ற நான்கு லாரிகளைப் பின்னுக்கு எடுக்க வைத்தார். அவர் பெயர் கேட்கத் தோன்றவில்லை. வளைவு தாண்டி ஜீப்பில் ஏறியபோது எனக்கு மூச்சு வாங்கியது. "உங்களுக்கு ஒரு வெள்ளத்துணி கட்டட்டுமா அத்தா?" என்று சுல்தானா கேட்டாள். அவள் கை தாடையை விடவில்லை. தொப்பூரிலிருந்து சேலம் வரை அவள் கை மாற்றிக்கொள்ளவே இல்லை.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் டிரங்க் கால் கிடைத்து ஆட்கள் வாசலிலேயே காத்திருந்தார்கள். இரண்டேகால் மணிக்கு ஆபரேஷனுக்கு எடுத்துப் போனார்கள். நாலரை மணிக்கு ஒரு டாக்டர் வெளியே வந்து, ரத்தக் கட்டை எடுத்தாகிவிட்டது, பிழைத்துக்கொள்வார், நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று சொன்னார். சின்னக்கா தரையில் உட்கார்ந்து அழுதார். சுல்தானா கைகளை விரித்து மூடி, விரித்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள், விரல்கள் மரத்துப் போயிருந்தன. எனக்கு அப்போதுதான் என் விரலில் கட்டு இருப்பது ஞாபகம் வந்து வலித்தது. காலையில் போடாமல் விட்ட ஊசியை அங்கேயே போட்டுக்கொள்ளலாமா என்று மகள் கேட்டாள். போட்டுக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன், மயங்கவில்லை.

ஐந்தரை மணிக்கு மாதப்பன் வந்தார். அவர் தீர்த்தம் எடுக்கும் இடத்தில் ஏற்பாடு செய்வதற்காக முந்தின பஸ்ஸிலேயே மேட்டூர் போயிருந்தவர். சேதி கேட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து சேலம் வந்திருக்கிறார். கால் முழுக்கப் புழுதி. மிஷன் ஆஸ்பத்திரியில் யாரோ அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் நேராக என் மகளிடம் வந்து, "எம் பொண்டாட்டி கையில மஞ்சத்துணி இருக்குதுன்னு மூலையில போட்டுட்டீங்களாமே. யாரு கட்டுனதும்மா அது?" என்று கேட்டார். சுல்தானா வாயைத் திறந்தாள். நான் அவளிடம், "போய் அவருக்குத் தண்ணி கொண்டாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சின்னக்கா அப்போது உள்ளே இருந்தார். பிறகு நான் மாதப்பனிடம், "மஞ்சத் துணி தெக்கற யோசனை என்னோடதுங்க. டாக்டரம்மா நீலந்தான் சொன்னாங்க. தப்பு எம்மேலதான்" என்று சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "உங்க பொண்ணு பதில் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். மறுநாள் வேறு ஒருவரைக் கொண்டு எழுதி இந்த மனுவைக் கொடுத்திருக்கிறார்.

செல்லி மூன்றாம் நாள் கண் விழித்துப் பேசினார். முதலில் கேட்டது தன் குடத்தை. அது நசுங்கிவிட்டது. நேற்று முன்தினம் நானும் மகளும் போய்ப் பார்த்தபோது சுவரைப் பிடிக்காமல் நடந்தார். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, "முடி காணிக்க அம்மனுக்குப் போயிருச்சுங்க பாய்" என்று சிரித்தார். என் மகளின் கையைப் பிடித்து, "நீதான் எந்தாடையப் புடிச்சுக்கிட்டே வந்தியாம், தங்கச்சி சொன்னா" என்றார். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் நீலத் துணியில் புதிதாக நூறு தைத்துக் கொடுத்துவிட்டேன். மஞ்சளை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே நான் சொல்வது: செல்லிக்கு என் மகள் எந்தத் துணியும் கட்டவில்லை, கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டதும் அவள் மட்டும் அல்ல. காப்புக்கும் வைத்தியத் துணிக்கும் ஒரே நிறம் ஆனதற்குக் காரணம் நான். இந்தப் பக்கத்து ஊர்களில் சித்திரை மாதம் மஞ்சள் எத்தனை பேர் கையில் இருக்கும் என்று டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அந்த மஞ்சளிலேயே வருடா வருடம் தைத்துப் பிழைப்பவன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தண்டனை உண்டென்றால் எனக்குக் கொடுக்க வேண்டும்.

இதை ஏட்டு எனக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை. அத்தனையும் நிஜம்.

படித்துக் காட்டிய பிறகு, சாட்சி கேட்டுக்கொண்டதால் கீழ்க்கண்டது சேர்க்கப்பட்டது:

மனுதாரர் மாதப்பனை இங்கே கூப்பிட்டு விசாரிக்கும்போது என் தவறை மட்டும் அவருக்குச் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொள்கிறேன். சின்னக்காவும் இதுவரை அவரிடம் சொல்லவில்லை என்று அறிகிறேன். அன்று சேலத்தில் அவர் "யாரு கட்டுனது" என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். என் பெண்ணைக் காப்பாற்ற அந்த ஒரு பதில் போதும், அது நாக்கு நுனி வரை வந்தது. அவர் கையைப் பார்த்தேன். அதிலும் மஞ்சள் கறை இருந்தது. "நீங்க கட்டுனதுதாங்க" என்று நான் சொல்லவில்லை.

(ஒப்பம்) அ. அப்துல் சுபான்.

என் முன்பாக: சப்-இன்ஸ்பெக்டர்.